செம்புக்காசின் மேல் இரண்டு புள்ளி

லிஃப்ட் மெக்கானிக் என்றால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, முகமூடிக்காரர் என்றால்தான் தெரியும். நாள் முழுக்கக் கிரீஸில் புரள்கிற மனிதர். அப்போதெல்லாம் முகத்தில் ஒரு துணி கிடையாது. வீட்டுக்கு வந்து செம்புக்காசுப் பெட்டியைத் திறந்தால் மட்டும் வாயில் முகமூடி, கையில் பருத்தி உறை! விரல் பட்டால் ரேகை கறுத்து நிற்குமாம், எச்சில் தெறித்தால் புள்ளி விழுமாம், ஈரக்காற்று பட்டால் பச்சை பூக்குமாம். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் செருப்புக்கடை செருப்புக்கடையாக வெட்கமில்லாமல் கேட்டு வாங்கி வந்து பெட்டிக்குள் அடுக்குவார்.

வீட்டில் ஒரே சட்டம்தான்: பெட்டி திறந்தால் வாய் மூடு. அடுப்பில் பால் பொங்கினாலும் கைஜாடைதான்.

அந்தப் பெட்டியில் ஒரு காசு அவருக்கு உயிர். நூறு வயசு தாண்டியும், இப்போதுதான் அச்சிலிருந்து விழுந்த மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும். நாணயச் சங்கக் கண்காட்சியில் ‘நிறம் மாறாத செம்பு’ பரிசுக்கு அதை வைக்கப் பதினோரு வருஷமாக விண்ணப்பித்து, இந்த வருஷம்தான் இடம் கிடைத்தது. இன்னும் பத்தே நாள்!

அன்று சாயங்காலம் காசைப் பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து புதுச் சிமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பழைய பிளாஸ்டிக் பிசுபிசுத்துக் காசைக் கெடுத்துவிடும். அந்த நேரம் பார்த்து மகள் தடதடவென்று படியேறி வந்தாள். திறந்த பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் நின்றதே தவிர, கால் நிற்கவில்லை. குதியோ குதி என்று குதித்தது.

‘பொறு’ என்று கை காட்டினார். பொறுக்கிற ஆளா அவள்? பையிலிருந்து ஓர் அட்டையை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். முகமூடிக்குள் விட்ட மூச்சில் மூக்குக்கண்ணாடி மங்கிக் கிடந்தது. முகமூடியைத் தாடைக்கு இறக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கனரக வாகன ஓட்டுநர் உரிமம். நாலு தடவை தோற்று, ஐந்தாவது தடவை வாங்கியிருக்கிறாள்!

“அடி சக்கை! எம் பொண்ணு பஸ் ஓட்டப் போறாளே!”

தெருவுக்கே கேட்கும் சத்தம். எச்சில் சாரலாகத் தெறித்து நேரே காசின் மேல் விழுந்தது.

“ஏங்க, பால் பொங்குறப்பகூட எங்க வாயை அடைச்சு வெச்சீங்களே!” என்றாள் மனைவி.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. “நான் கொஞ்சம் பொறுத்திருக்கணும்ப்பா.”

“நாலு தடவை பொறுத்தியே, போதாதா?” என்றார். காசைச் சுத்தமான நீரில் முக்கி எடுத்தார். தேய்க்கவில்லை, தேய்த்தால் அந்தச் சிவப்பும் கூடவே போய்விடும். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள், கடுகளவில் இரண்டு கரும்புள்ளி. ஆனாலும் காசை எடுத்துக்கொண்டு போனார்.

கண்காட்சியில் நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். “அடடா, இந்தப் புள்ளி மட்டும் இல்லேன்னா பரிசு உங்களுக்குத்தான்! எங்கிட்ட ஒரு மருந்து இருக்கு. எடுத்துடலாமா?”

“தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்!” முகமூடிக்காரருக்கு முகமெல்லாம் பல். “அது எம் பொண்ணு லைசென்ஸ் வாங்கின அன்னிக்கு நான் போட்ட சத்தம், சார்!”