மாணவர் பெயர்

தாராவியில் அவரைத் தெரியாத தமிழர்கள் குறைவு. வெள்ளைச் சட்டை, சாயம் பூசிய மீசை, தோல்பை பட்டறை முதலாளி. எங்கள் சங்கத்து மேடையில் கையில் சீட்டே இல்லாமல் தமிழின் பெருமையைப் பேசுவார். யாராவது அழைப்பிதழை நீட்டினால் மட்டும், "கண்ணாடி கொண்டாரல, நீயே வாசி" என்பார்.

ஒருநாள் என் கம்ப்யூட்டர் கடைக்கு லேப்டாப்போடும் ஒரு பழைய சிடியோடும் வந்தார். பேத்திக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்கிற சிடி என்றார். அது விண்டோஸுக்கானது, லேப்டாப்பில் இருந்ததோ லினக்ஸ். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருள் வழியாகத் திறந்தும், சிடி உள்ளே இருக்கும்போதே சிடியைப் போடு என்று அடம்பிடித்தது. சிடி டிரைவ் எங்கே இருக்கிறது என்று வைனுக்குக் காட்டிக்கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. திறந்ததும் மாணவர் பெயரைக் கேட்டது.

"பேத்தி பேரென்ன அண்ணாச்சி?"

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எம் பேரையே போடுடே," என்றார் தணிந்த குரலில். "நான் மராத்தி ஸ்கூல்ல படிச்சவன். வெளிய சொல்லிராத."

தமிழில் அடித்தேன். அவர் குனிந்து, திரையில் விரலை வைத்தார்.

"இதா எம் பேரு?"

"ஆமா அண்ணாச்சி."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.