அண்டா இறக்கும் நாள்

என் மனைவி குவைத்துக்குப் போனது குழந்தை வளர்க்கத்தான். யாரோ பெற்ற மூன்று குழந்தைகளை. தான் பெற்ற ஒன்றை என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறினாள். அப்போது மகளுக்கு ஐந்து வயது. எனக்குக் கிரிவலப் பாதையில் டிபன் கடை; நூறு பேருக்குச் சமைப்பேன், ஒரு தலை பின்னத் தெரியாது. நான் போட்ட முதல் இரட்டைச் சடையைப் பார்த்துவிட்டு டீச்சர், “வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையாங்க?” என்று கேட்டார். வந்த கோபத்தில் அன்றைக்கே போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

“அம்மா எப்பப்பா வரும்?” என்று தினமும் கேட்பாள். இரண்டு வருடம் என்றால் புரியவில்லை. “இருபத்திநாலு பௌர்ணமி போனா வந்துடும்” என்றேன்.

“பௌர்ணமின்னு எப்டித் தெரியும்?”

மாவு கரைக்கிற அவசரம் எனக்கு. “பரண்லேர்ந்து பெரிய அண்டாவ எறக்குவேன் இல்ல, அன்னிக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, சொன்னதையே மறந்துபோனேன். மலை சுற்ற வருகிறவர்களுக்கு அந்த அண்டாவில்தான் தக்காளி சாதம் கிளறுவேன்.

ஆனால் இப்போதெல்லாம் கூட்டம் பௌர்ணமிக்காகக் காத்திருப்பதில்லை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, ஆங்கிலப் புத்தாண்டு என்று எதற்கும் வண்டி பிடித்து வந்துவிடுகிறார்கள். நானும் அண்டாவை இறக்கிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே மகள் நச்சரிக்கத் தொடங்குவாள். “அப்பா, நாளைக்கிக் கூட்டம் ஜாஸ்தி வரும்பா. அண்டாவ எறக்கு.”

“வியாபார மூளை, அப்படியே என்னை மாதிரி” என்று பக்கத்துப் பூக்கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், தீபாவளிப் பாவாடை, முகமெல்லாம் பவுடர், காலில் செருப்பு என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“ஏர்போர்ட்டுக்கு. இன்னிக்கு அம்மா வருதுல்ல?”

கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கதவின் பின்பக்கத்தைக் காட்டினாள். சிவப்பு கிரேயானில் வரிசையாக வட்டங்கள். ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள். சரியாக இருபத்திநாலு.

“அஞ்சு பௌர்ணமிதான்டி ஆச்சு! புளுகாத!” என்று கத்திவிட்டேன்.

“அண்டா எறக்குனா பௌர்ணமின்னு நீதானே சொன்ன?” உதடு பிதுங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாபார மூளையாவது மண்ணாவது! வெள்ளிக்கிழமைதோறும் அவள் இறக்கச் சொன்னது அண்டாவை அல்ல, அம்மாவை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தக்காளி சாதம் அடிப்பிடித்தது.

மனைவிக்கு வீடியோ கால் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனைத் திருப்பிவிட்டாள். கொஞ்ச நேரம் அந்த வீட்டு மேல்கூரை மட்டும் தெரிந்தது. “என்னாங்க, கொழந்தைகிட்ட நெஜத்த சொல்லிடுங்க” என்று குரல் மட்டும் வந்தது.

“இன்னும் பத்தொம்பது இருக்குடா” என்றேன். மகள் செருப்பைக் கழற்றி வைத்தாள். அதைவிட அழுதிருக்கலாம்.

அடுத்த பௌர்ணமி அன்று சாயங்காலம், கடையில் கூட்டம் நிற்க நிற்க, அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் நிலாவைக் காட்டினேன். “இதான் பௌர்ணமி. மாசத்துக்கு ஒண்ணுதான்.”

என்னை நம்புவதை அவள் நிறுத்தியிருந்தாள். போனை வாங்கி அம்மாவிடமே கேட்டாள்: “அங்க மாசத்துக்கு எத்தினி பௌர்ணமி வரும்? ஜாஸ்தியா?”

“இங்கயும் ஒண்ணுதான்டி” என்றாள் என் மனைவி. “அதுவும் நம்ம ஊர விட லேட்டாதான் வருது.”