ஒன்பதாவது மூட்டு

பகல் முழுவதும் விளக்கு எரியவிட்டுப் பார்ப்பது என்று நான்தான் முடிவு செய்தேன். இரவில் பன்னிரண்டு மணித்தியாலம் எரிவதும் பகலில் எரிவதும் பற்றரிக்கு ஒன்றுதான். காலை ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: பற்றரியில் 12.7 வோல்ட், விளக்கடியில் 12.4.

விளக்கு இருந்தது ஒரு கரவனுக்குள். வான் வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுக்கும், இரண்டு சில்லுள்ள சிறிய கூடு. கற்பிட்டிக் கடற்கரையில் உல்லாச விடுதி நடத்திய ஒருவர் கைவிட்டதை மச்சான், அதாவது மனைவி நானா என்று அழைக்கும் அவளுடைய அண்ணன், இழுத்து வந்து எங்கள் வீட்டு வளவில் நிறுத்தியிருந்தார். மன்னாரில் அவர்களுடைய உம்மாவின் காணியைத் துப்புரவாக்க வேண்டும். அங்கே வீடும் இல்லை, கரண்டும் இல்லை. இரண்டு இரவு தங்குவதற்கு இந்தக் கூடு போதும் என்றார்.

மனைவி உடனே ஓம் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: "விடிய சுபஹு தொழும் வரைக்கும் லைட் எரியும் எண்டா வாறன். இடையில நிண்டா, அதோட சரி. பிறகு என்னைக் கேக்கப்படாது."

நான் காரணம் கேட்கவில்லை. தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது அவள் கற்பிட்டிக்குப் படகில் வந்தாள். வயது ஒன்பது. நடுக்கடலில் யாரோ விளக்கை அணைக்கச் சொன்னார்கள். விடியும்வரை உம்மாவின் முகம் தெரியவில்லை. இதை அவள் ஒரேயொரு தடவைதான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். எங்கள் அறையில் சிறு பல்ப் ஒன்று எப்போதும் எரியும். கரண்ட் நின்றால் அந்தக் கணத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

நான் உப்பளத்தில் களஞ்சியப் பொறுப்பாளன். வயரிங் என் தொழில் அல்ல. ஆனால் வீட்டு வேலைகளை நானே செய்து பழக்கம். மச்சானின் பழைய படகிலிருந்து பற்றரி வந்தது. கூரையின் உட்புறத்தில் எல்ஈடி பட்டி ஒட்டினேன். பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ் போட்டேன். கதவோரமிருந்த பற்றரியிலிருந்து சுவர் வழியாகவும் படுக்கைப் பலகைக்குக் கீழாகவும் வயர் ஓடியது. வயரும் வயரும் சேரும் மூட்டுகள் ஒன்பது. ஒவ்வொன்றையும் ஈயம் உருக்கிப் பற்றவைத்ததும் புத்தகத்தில் அதன் எண்ணுக்கு நேரே ஒரு சரி போட்டேன்.

அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

எட்டு மணியளவில் மீன்காரர் சைக்கிளை வேலியோரம் நிறுத்தி எட்டிப் பார்த்தார். "என்ன சேர், சூரியனுக்குக் கை குடுக்கிறீங்களோ?"

"பரிசோதனை," என்றேன்.

"பாஸ் பண்ணினா சொல்லுங்க, சூரியனை வீட்ட அனுப்புவம்."

நான் சிரிக்கவில்லை. குசினி ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கரவனின் சிறிய ஜன்னலும் அதற்குள் எரியும் வெளிச்சமும் தெரியும். ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்பதாலேயே வோல்ட் அளக்கும் மீற்றரை நான் அடிக்கடி எடுத்தேன். மணிக்கு ஒரு தடவை என்று வைத்திருந்தது அரை மணிக்கு ஒன்றாகியது.

பற்றரியை விட விளக்கடியில் புள்ளி மூன்று குறைவாகவே இருந்தது. வயர் நீளத்துக்கு அவ்வளவு குறையும் என்று எழுதிவைத்தேன். அந்த வரியை இப்போது படிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு மச்சான் ஒரு சிறிய ஃபேனுடன் வந்தார். "உள்ளுக்க அவியுது மச்சான். வெளிச்சத்தில வெந்து சாகச் சொல்றீங்களோ?" என்று சொல்லி அதே வயரில் அதை இணைத்தார். என்னையும் அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். பற்றரி தாங்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டு நானும் விட்டேன்.

நண்பகல் லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்து பார்த்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கண்ணின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பற்றரியை அளந்தேன்: 12.3. நல்லது. விளக்கடியில் அளந்தேன்: 10.8.

பற்றரி களைத்துப்போனால் இரண்டு இடத்திலும் இறங்க வேண்டும். ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் விழுவதென்றால், இடையில் ஏதோ கரண்டைத் தின்கிறது. வயரின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். சுவர் குளிர்ந்திருந்தது. மெத்தையை இழுத்தேன். பலகைக்கு அடியில் கையை விட்டதும் எடுத்துவிட்டேன். சுட்டது.

சுவிட்சை அணைத்துப் பலகையைத் தூக்கினோம். ஒன்பதாவது மூட்டு. சுற்றியிருந்த டேப் உருகி, பலகையில் காசளவு மண்ணிறக் கறை. அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. கடைசி நாள் வயர் ஒரு முழம் போதாமல் போய்விட்டது. துண்டொன்றைச் சேர்த்து, கையால் முறுக்கி டேப் சுற்றினேன். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. வந்து பற்றவைக்கலாம் என்று நினைத்து, புத்தகத்தை மூடும் முன் அதற்கும் ஒரு சரி போட்டேன். பிறகு வரவில்லை. உப்புக் காற்றில் செம்பு இரண்டு வாரத்தில் பச்சை பூத்துவிட்டது.

பியூஸ் அப்படியே இருந்தது. அதிகக் கரண்ட் ஓடினால்தான் அது போகும். மூட்டு சுடுவது அதற்குத் தெரியாது. பன்னிரண்டு வோல்ட் அடிக்காது என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அடிக்காதது சுடும் என்பதை நான் எண்ணவேயில்லை.

"ஏன் லைட் நிண்டுட்டு?"

மனைவி கதவடியில் நின்றாள். கையில் பயண ரொட்டிக்கான மா ஒட்டியிருந்தது.

"ஒண்டுமில்ல தங்கச்சி. மச்சான் பியூஸ் மாத்துறார்," என்றார் அவளுடைய நானா. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

உருகிய டேப் என் கையில் இருந்தது. அதை மறைக்க நேரமிருந்தது. நாளைக்கு எலுவன்குளம் வழியாக மன்னாருக்குப் போகும் பயணம், அவள் சொன்ன நிபந்தனை, எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் வந்து நின்றன. கையை நீட்டினேன்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "இது எங்க இருந்திச்சு?"

"பலகைக்குக் கீழ."

"எந்தப் பக்கம்?"

"தலைமாட்டுப் பக்கம்."

"நெருப்புப் பத்தியிருக்குமா?"

"தெரியாது. பத்தாமலும் விட்டிருக்கும். பத்தியிருக்கவும் கூடும்."

"ஒன்பதுக்கும் சரி போட்டிருந்தீங்களே. நான் பாத்தனான்."

அவள் என் புத்தகத்தைப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. "அந்தச் சரி பிழை," என்றேன்.

அவள் டேப்பைத் திருப்பித் தந்துவிட்டு வீட்டுக்குள் போனாள். மச்சான் மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு ஒரு பொய்யும் சரியாச் சொல்லத் தெரியாது. இந்த ஒண்டை நான் சொல்லித் தந்தும் கெடுத்துட்டீங்க."

வீட்டிலிருந்து கரண்டுக்கு நீட்டு வயர் இழுத்து, செம்பை மினுங்கும்வரை சுரண்டி, ஈயம் பற்றவைத்தேன். அதன்மேல் மச்சான் கிரீஸ் பூசி, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினார். படகுக்காரர் அப்படித்தான் செய்வார்கள். அதற்கு முன்பு நான் அதை அழுக்கு வேலை என்று சொல்லியிருக்கிறேன். பிறகு மற்ற எட்டையும் பிரித்துப் பார்த்தோம். எட்டும் நன்றாக இருந்தன. இருந்தும் அவற்றுக்கும் கிரீஸ் பூசினோம். சுவிட்சைப் போட்டபோது விளக்கடியில் 12.1 காட்டியது. மணி நான்கு.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு மனைவி வந்தாள். கக்கத்தில் தன் தலையணை.

"எட்டு மணித்தியாலம் எரிஞ்சதுதானே. இன்னும் எத்தினை?"

"நாலு."

"அப்ப எட்டு மணி வரைக்கும் எரியட்டும். ஃபேனையும் போடுங்க."

உள்ளே போய்த் திரையை இழுத்துக் கதவைச் சாத்தினாள். நான் வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை பற்றரியை அளந்தேன். ஒவ்வொரு முறையும் நான் எழுந்த சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "சூடில்ல."

"தங்கச்சி, மச்சான்ட மீற்றரை விட உன்ட கை நல்லா வேலை செய்யுது," என்றார் மச்சான்.

"அது பொய் எழுதாது நானா."

அவர் சிரித்தார். நான் 12.2 என்று எழுதினேன்.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மெத்தையில் உட்கார்ந்து விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலையணை, ஒன்பதாவது மூட்டு இருக்கும் பக்கத்தில் கிடந்தது.

"மற்றப் பக்கம் வைக்கலாமே," என்றேன்.

"வேணாம். சூடானா எனக்குத்தானே முதல்ல தெரிய வேணும்."

பிறகு வெளியே எட்டி, "நானா, சுபஹு தொழுதிட்டு வெளிக்கிடுவம்," என்றாள்.