ஊசி மேலே, இட்லி கீழே

கோலாலம்பூரில் நாங்கள் தங்கியது வாடகை குறைந்த விடுதி. எட்டாவது மாடி. காலையில் என் மனைவி இன்சுலின் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, ஊசி போட்டாச்சுங்க. வெரசா ஏதாச்சும் வாங்கியாங்க" என்றார்.

எதிர்க்கடையில் ஆறு இட்லியும், எனக்குச் சர்க்கரை போட்ட காப்பியும் வாங்கித் திரும்பினேன். லிஃப்ட் நகரவில்லை. அறையின் அட்டையைக் காட்டினால்தான் மேலே போகுமாம். மாடிப்படிக் கதவும் அப்படியே. இருந்த ஒரே அட்டையை, எடுத்தால் ஏசி நின்று அவருக்குப் புழுங்குமே என்று அறைச் சுவரிலேயே செருகிவிட்டு வந்திருந்தேன். வரவேற்பறையில் ஆள் கிடையாது, இயந்திரம்தான். என் செல்போன் அந்த ஊரில் வேலை செய்யவில்லை.

லிஃப்டில் ஏறிய ஒரு பெண்ணிடம் கைகூப்பி ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் பயந்து இறங்கிப் போய்விட்டார்.

அரைமணி கழித்துத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் தன் அட்டையால் மேலே அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். மனைவி வியர்த்து, கை நடுங்கச் சாய்ந்திருந்தார்.

"மாவாட்டிப்போட்டா வாரீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை இறங்கியிருந்ததால் முதலில் என் காப்பியைப் புகட்டினேன்.

இப்போது கிணத்துக்கடவில் எங்கள் வீட்டில்கூட, இட்லி தட்டுக்கு வந்த பிறகே ஊசியை எடுத்துக் கொடுக்கிறேன்.