மேஜையில் நின்ற சுருதி, சபையில் இறங்கிய கதை

ரேடியோ ரிப்பேர்க்காரனின் மேஜையில் ஒழுங்காகப் பாடுகிற பெட்டி, வீடு போய்ச் சேர்ந்ததும் மக்கர் பண்ணும். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் கடை வைத்திருந்தேன். ரிப்பேருக்கு நடுவே, பழைய வால்வுகளையும் கண்டன்சர்களையும் கொண்டு ஒரு ஆசிலேட்டர் கட்டினேன். சுவிட்சைப் போட்டால் ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும். தேக்கில் பெட்டி செய்து பாலிஷும் போட்டேன். எங்கள் ஊரில் அப்படியொன்றை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

பால்காய்ப்பு வீட்டில்

பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த கோமதி டீச்சருக்குச் சுருதிப்பெட்டி போட்ட அவர் தங்கை, கல்யாணமாகி மல்லாங்கிணறு போய்விட்டாள். அந்த இடத்துக்கு என் பெட்டி வந்தது. முதல் கச்சேரி ஒரு பால்காய்ப்பு வீட்டில். இரண்டு பாட்டு நன்றாகப் போனது. பிறகு சுருதி மெல்ல மெல்ல இறங்கியது. டீச்சரும் கூடவே இறங்கினார். பந்தியில் "டீச்சருக்குத் தொண்டை போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். பிடில்காரர் மட்டும் என்னைத் தேடி வந்தார்.

"இன்னும் நாலு பாட்டு பாடியிருந்தா, சுதிக்கு எறக்கி எறக்கியே கம்பி கழண்டு எங்கையில வந்திருக்கும், அண்ணாச்சி."

சந்தேகம் அடுத்த கடை மேல்

பக்கத்தில் தங்கவேல் அண்ணாச்சியின் அச்சகம். அவர் மெஷின் ஓடினால் என் கடை பல்பு மங்கும். கரண்ட் குறைவதால்தான் சுருதியும் இறங்குகிறது, பால்காய்ப்பு வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று முடிவு கட்டினேன். காலண்டர் சீசன். கெஞ்சி, மெஷினை நிறுத்தவைத்தேன். மேஜையில் சுருதி அசையவில்லை. திரும்ப ஓட்டச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை. வால்வை மாற்றினேன், கண்டன்சரை மாற்றினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே நின்றது. சரியாக இருப்பதை எப்படி ரிப்பேர் செய்வது?

"மெஷின் ஓடினாலும் நிக்கிது, ஓடாட்டியும் நிக்கிது. பெறகு எம் பொழப்பை எதுக்கு நிப்பாட்டினீக?"

டீச்சர் சொன்னது

ஆயுத பூஜைக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாட டீச்சரை அழைத்திருந்தார்கள். பால்காய்ப்பு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அங்கும் வருவார்கள். பெட்டி சரியாகிவிட்டது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மேஜையில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு டீச்சர் எழுந்தார்.

"எறங்குச்சுன்னா ஒங்க பெட்டியை யாரும் ஏசமாட்டாக, அண்ணாச்சி. என்னையத்தான் ஏசுவாக."

கம்பெனி கேட்டில்

கம்பெனி வாசலில் காவல்காரர் தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்தார். பிறகு பெட்டி என்னவென்று கேட்டார்; வாசல் ஆபீஸ் அறையில் பிளக்கைச் செருகிக் காட்டினேன், அவர் துணிச்சல்லடை வழியே குனிந்து பார்த்தார். உள்ளே வால்வு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.

"என்ன வே அது, தணல் மாதிரி?"

"வால்வு. நெருப்பில்ல."

"செவப்பா இருந்தா எனக்கு நெருப்புத்தான். உள்ள போகாது."

இன்று வேலை இல்லையே என்றேன்; பட்டாசு மருந்துக்கு லீவு தெரியாது என்றார். கடைசியில் பெட்டி வாசல் ஆபீஸ் அறையிலேயே இருப்பது, வயரும் ஸ்பீக்கரும் மட்டும் உள்ளே போவது என்று முடிவானது. பெட்டியை வைத்துவிட்டு நகரப்போனேன். பின்பலகையைக் கழற்றச் சொன்னார். பாலிஷ் போட்ட பெட்டி, அசிங்கமாகத் தெரியும் என்றேன்.

"மூடிக் கெடந்தா உள்ள என்ன நடக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? தெறந்தே கெடக்கட்டும்."

கச்சேரி

இரண்டு பாட்டு போனது. மூன்றாவதில் பிடில்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது, ஐந்தாவது. பிடில்காரர் முறுக்காணியைத் தொடவே இல்லை. வாசலுக்கு ஓடிப்போய்ப் பெட்டியின் பின்னால் கையை நீட்டினேன். சூடான காற்று குப்பென்று அடித்தது. அப்போதுதான் உறைத்தது. மேஜையில் எப்போதும் பின்பலகையைக் கழற்றிவைத்துத்தான் சோதித்திருந்தேன். சபைக்குப் போகும்போது அழகுக்காக மூடித் திருகிவிடுவேன். வால்வுச் சூடு வெளியே போக வழியில்லாமல் கண்டன்சர் உள்ளே வெந்து, அது சூடேற ஏறச் சுருதி இறங்கியிருக்கிறது.

மங்களம் முடியும்வரை சுருதி நூல் பிடித்த மாதிரி நின்றது. பால்காய்ப்பு வீட்டில் தொண்டையைப் பற்றிப் பேசியவர்களே கடைசிவரை கைதட்டினார்கள். டீச்சர் வாசலுக்கு வந்து, திறந்துகிடந்த பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"இன்னைக்குப் பாடுறப்ப சுதின்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டேன், அண்ணாச்சி."

பெட்டி முழுக்க நான் கட்டியது என்று எந்தச் சபையிலும் மார்தட்டிச் சொல்வேன். அதன் முதுகில் பிறகு போட்ட துளைகள் மட்டும் விஸ்வநத்தம் காவல்காரர் பங்கு.