இரவல் பேண்ட்

போன வருடம் தோப்பில் தேங்காய் போட்டு முடித்த வாரம் நடந்தது இது. இடம், கோயம்புத்தூரில் ஒரு சின்ன இருதயப் பரிசோதனை மையம்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகவே மோட்டார் ரூம் வரை வேகமாக நடந்தால் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல இருந்தது. கேஸ் என்று நானே முடிவு செய்து சோடாவும் ஓமத் தண்ணீருமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாதி வழியிலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. மனைவியிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் தேங்காய் வியாபாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

டாக்டர் ஈசிஜியைப் பார்த்தார். இதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் வலி சாதாரணமாகப் படவில்லை, இன்றைக்கே டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார். சரி என்று அந்த அறைக்குப் போனால், மெஷின் பக்கத்தில் நின்ற பெண் என் இடுப்பைப் பார்த்தாள். நான் எங்கே போனாலும் வேட்டிதான். கல்யாணத்துக்கும் வேட்டி, கலெக்டர் ஆபீசுக்கும் வேட்டி.

"ஏனுங்கய்யா, வேட்டியோட இதுல நடக்க முடியாதுங்க. தடுக்கி உழுந்துருவீங்க. பேண்ட் கொண்டாந்திருக்கீங்களா?"

நான் பேண்ட் போட்டது படிக்கிற காலத்தோடு சரி. வேட்டியை அவிழ்த்தால் உள்ளே கோடு போட்ட பட்டாபட்டிதான். அந்தக் கோலத்தில் ஒரு பெண்பிள்ளை முன்னால் ஓடுவதை நினைத்தாலே வேர்த்தது. "நாளைக்கு வாரனுங்க" என்றேன். சொல்லும்போதே தெரியும், வர மாட்டேன் என்று. தப்பித்தோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும், என்னைவிட ஒல்லி. மனைவியை எக்கோ எடுக்க உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர். அறைக் கதவு திறந்திருந்ததால் நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"நாளைக்குன்னு போகாதீங்க. எங்கண்ணன் அப்படிச் சொல்லித்தானுங்க ஊட்டுக்குப் போனாரு. மறுநா ஆளு இல்லீங்க. என்ற பேண்ட்டைப் போட்டுக்குங்க. நான் உங்க வேட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன். செத்த நேரத்துக்கு என்னங்க ஆயிறப்போவுது."

பெற்ற பிள்ளைகூட இப்படிச் சொல்லியிருக்குமா தெரியாது. இரண்டு பேரும் பாத்ரூம் பக்கம் போனோம். அங்கே நின்று நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவரிடம் பேச்சு எப்படித் தொடங்கும் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். எந்த ஊர் என்று கேட்போம். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்போம். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, மரியாதையாகத்தான் கேட்போம். சாதி என்ற சொல்லே வராது. ஆனால் கேட்டு முடிக்கும்போது அது தெரிந்திருக்கும். இன்னொருவர் உடுப்பை உடம்பில் போடப்போகிறோமே, யார் என்ன என்று தெரியாமலா என்று என் புத்தி போயிற்று.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னார். எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்தான். நான் விடவில்லை.

"ஊருக்குள்ளீங்களா, தோட்டத்துலீங்களா?"

பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ரெண்டும் இல்லீங்க. காலனிங்க" என்றார்.

வேட்டி முடிச்சில் இருந்த என் கையும் அப்படியே நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"காலைலதான் தொவைச்சதை எடுத்துப் போட்டனுங்க. உங்களுக்குச் சங்கடம்னா சொல்லீருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வேற யாருகிட்டயாச்சும் நானே கேட்டு வாங்கியாறேன். டெஸ்ட்டை மட்டும் உட்டுப்போட்டுப் போயராதீங்க."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். எனக்காக இன்னொருவரிடம் போய்க் கெஞ்சத் தயாராக நிற்கிற ஒருவரை என்ன சொல்லி மறுப்பது? மனசு மாறித்தான் அந்தப் பேண்ட்டை வாங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. வெட்கம் தாங்காமல்தான் வாங்கினேன். இடுப்புக் கொக்கி சேரவில்லை. அவரே தன் பெல்ட்டை என் இடுப்பில் இறுக்கிவிட்டார். நான் மரம் மாதிரி நின்றேன்.

மெஷினில் ஏறிச் சில நிமிஷம்தான் இருக்கும். வேகத்தைக் கூட்டியதும் அந்தப் பழைய உள்ளங்கை மறுபடியும் நெஞ்சை அழுத்தியது. அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டாள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முக்கியமான ரத்தக் குழாயில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். இப்படியே தோப்புக்குப் போயிருந்தால் நீங்கள் திரும்பி வந்திருப்பீர்களா என்பது சந்தேகம்தான் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

கண் விழித்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள். மெஷினில் ஏறும்போது நான் கழற்றிவைத்த சட்டையிலிருந்து போனை எடுத்து அவளுக்குத் தகவல் சொன்னதே பேண்ட் கொடுத்த அந்த மனிதர்தானாம். தன் மனைவியை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, எனக்காகப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து, இவள் வரும்வரை காத்திருந்து, என் போனையும் பர்சையும் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாற்றிக்கொள்ளப் பேண்ட் இல்லாததால் என் வேட்டியோடுதான் போயிருக்கிறார்.

"உங்க வேட்டியக் கட்டிக்கிட்டு சன்னல் பக்கமா நின்னுக்கிட்டிருந்தாருங்க. பொறத்தால பாத்து நீங்கதான்னு ஓடுனேன்" என்று சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க அவரு? பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

அவருடைய ஊர் எனக்குத் தெரியும். ஊரில் எந்தப் பக்கம் என்பதும் தெரியும், விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேனே. பெயரை மட்டும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தையல் போட்ட வலி என்று நினைத்து அவள் நர்ஸைக் கூப்பிடப் போனாள். தையலே போடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

உடம்பு தேறியதும் பேண்ட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பெல்ட்டோடு ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்னங்க மாப்பள, இந்தப் பக்கம்? யாரைப் பாக்கோணும்?" என்றார். காலனியில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. தென்னங்கன்று பார்க்க வந்தேன் என்றேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் பையோடு திரும்பிவிட்டேன்.

பை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. போன மாதம் செக்கப்புக்குப் போனபோது, இருதயம் நன்றாக வேலை செய்கிறது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார் டாக்டர். அந்த டீக்கடையைத் தாண்டி, காலனிக்குள் போய், எனக்கு உயிர் கொடுத்த மனிதரிடம் "உங்க பேரு என்னங்க?" என்று கேட்கும் தூரத்தைத்தான் நான் இன்னும் நடக்கவில்லை.