என் செருப்புச் சத்தத்துக்குப் பிரேக் போட்ட டீச்சர்

டிரைவிங் சொல்லித் தருகிற தொழிலில், "புரிஞ்சிருச்சு மாஸ்டர்" என்பதை நம்பியவனுக்கு வண்டியில் பம்பர் மிஞ்சாது. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே, அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக் கொடுத்து ரத்தக்கொதிப்பு வாங்கியவர்களே, நீங்களும் என் கட்சிதான். திண்டுக்கல்லில் எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். தலையாட்டுவது வேறு, கற்றுக்கொள்வது வேறு. யாராவது சட்டென்று நன்றாக ஓட்டிவிட்டால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

கையில் இருந்த பிரேக்

ஜமால் பாய் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவர். முப்பது வருடமாக மொபட் ஓட்டியவர். "ரோட்டப் பத்தி எனக்குச் சொல்ல வேணாம், காரப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் சொன்னேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பாயின் விரல்கள் ஸ்டியரிங்கை நெரித்தன. இரண்டு கால்களும் தரையைத் தேடித் துழாவின. கார் மட்டும் நிற்கவில்லை. பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து நாயைக் காப்பாற்றினேன். பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நான்தான் குற்றவாளி என்பதுபோல் கேட்டார்: "முப்பது வருசமா கையில இருந்த பிரேக்க எவன் மாஸ்டர் கொண்டு போயி கால்ல வச்சான்?"

நெஞ்சில் பிடித்த பெல்ட்

ஒரு பேங்க் அதிகாரி. படித்தவர், நிதானமானவர், சொன்னதைச் செய்வார். அதனாலேயே அவர்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். பைபாஸில் தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்ததும் சீட் பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொண்டார். தாண்டியதும் விட்டார். பெல்ட் சுருண்டு போய்விட்டது. இழுத்ததுதான் இழுத்தீர்கள், கொக்கியில் மாட்ட என்ன கேடு என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்: "மாட்டிட்டா அப்புறம் தெனமும் மாட்டணுமே மாஸ்டர்."

பின்சீட்டில் இருந்து மாதாவே

ஸ்டெல்லா டீச்சர் வந்தது இதற்கெல்லாம் பிறகு. கன்னிவாடிப் பக்கம் தோட்டத்து வீடு. வேலை, ஆத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கே போகிற பஸ் பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். இத்தனை வருடமும் கணவர் அருளப்பன்தான் காரில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருவார். சர்க்கரை முற்றி அவருக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணும் மங்கல். இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரை வித்துடலாம், நீ வேலையை விட்டுடு என்பது அருளப்பன் கட்சி. நானே ஓட்டுகிறேன் என்பது டீச்சர் கட்சி. டீச்சர் கார் ஓட்டக் கற்காவிட்டால் வேலை போனது போனதுதான்.

அருளப்பன் தினமும் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். டீச்சர் கியரைத் தொட்டால் "மாதாவே!" என்பார். எதிரே சைக்கிள் வந்தால் "மாதாவே!" சைக்கிள் போன பிறகும் ஒன்று. டீச்சர் கிளட்சைச் சட்டென்று விடுவார், வண்டி ஆஃப் ஆகும். இந்த ஆள் உதவிக்கு வருகிறாரா, உபத்திரவத்துக்கு வருகிறாரா என்று எனக்குச் சந்தேகம். கெடுப்பதற்கென்றே வருகிறார் என்று முடிவு கட்டினேன். பின்சீட்டில் ஆள் இருந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று வாய்க்கு வந்த ஒரு சட்டத்தைச் சொல்லி அவரை வீட்டிலேயே நிறுத்தினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் இல்லாமயே அவ கத்துக்கிட்டா சரிதான்."

ஆட்டுக்கூட்டம்

மறுநாளிலிருந்து டீச்சர் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! லாரி வந்தால் அளவாகப் பிரேக், திருப்பத்தில் அளவாகப் பிரேக். ஒரே வாரத்தில் இப்படி யாரும் திருந்துவதில்லை. எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண்ணையே கவனித்தேன். ரோட்டைப் பார்க்கிறார், ஆனால் காது மட்டும் என் பக்கம் இருக்கிறது.

நான் போடுவது தோல் செருப்பு. பிரேக்கை நோக்கிக் காலைத் தூக்கினால் கிறீச் என்று முனகும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஆத்தூர் ரோட்டில் ஆட்டுக்கூட்டம் ஒன்று சாவகாசமாகக் குறுக்கே இறங்கியது. டீச்சர் அதே வேகத்தில் போனார். கடைசி நேரத்தில் வெறுங்காலால் நான் மிதித்தேன். கிடாய் ஒன்று பானட்டை மோந்து பார்த்துவிட்டுப் போனது. டீச்சர் என்மேல் கோபப்பட்டார்: "நீங்க காலத் தூக்கவே இல்லையே மாஸ்டர், அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

பொய்ச் சத்தம்

பாவம், அவர் ஏமாற்றவில்லை. செருப்புச் சத்தத்துக்குப் பிரேக் போடுவது, அப்படி வாய்விட்டுக் கேட்கும்வரை தனக்கே தெரியாது என்றார். அதை நம்பினேன். நான் நம்பிய ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் இந்தப் பழக்கம் போகாது என்பதும் தெரியும். ஆகவே ஒரு காரியம் செய்தேன். இடது காலில் மட்டும் செருப்பு, வலது கால் வெறுங்காலாகப் பிரேக்கின் மேலேயே. காலி ரோட்டில் இடது காலை அசைத்துக் கிறீச் என்பேன். வண்டி நிற்கும். ஆளில்லை, ஆடில்லை. மறுபடி கிறீச். மறுபடி நிற்கும். பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார்.

நிஜமாகவே மாடு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். முதல் மாட்டுக்கு நான்தான் மிதித்தேன். அடுத்த மாட்டுக்கு அவரும் நானும் சேர்ந்து மிதித்தோம். அதற்குப் பிறகு என் வலது காலுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் நான் எவ்வளவு கிறீச்சிட்டும் வண்டி நிற்கவில்லை. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "உங்க செருப்பு அம்புட்டும் பொய் சொல்லுது மாஸ்டர், நான் இனிமே ரோட்டத்தான் கேப்பேன்."

பள்ளிக்கூட வாசல்

லைசென்ஸ் வந்தது. அருளப்பன் அதை நம்பவில்லை. அந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரே ஜாதி. பள்ளிக்கூடம்வரை ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்றார். அவர்கள் சொந்தக் காரில் அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். என் காலடியில் பிரேக் இல்லை, வெறும் தரைவிரிப்புதான். கன்னிவாடியைத் தாண்டியதும் மில் வேன் ஒன்று சந்திலிருந்து பாய்ந்தது. "மாதாவே!" என்று அருளப்பன் கத்தி முடிப்பதற்குள் டீச்சர் பிரேக் போட்டு, வேனைப் போகவிட்டு, கியர் மாற்றிப் போய்க்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஒரே முயற்சியில் ரிவர்ஸ் போட்டு நிறுத்தினார். அருளப்பன் இறங்கினார். டயரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கப் போகிறார், காரை வித்துடலாம் என்று மறுபடி ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் பதிலோடு தயாராக இருந்தேன். டீச்சரும் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அருளப்பன் காரின்மேல் கையை வைத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டுற ஸ்டெல்லா, வேலைய விட வேணாம். ஆனா காலைல நீ கெளம்புனா சாயங்காலம் வரைக்கும் நான் என்ன செய்யட்டும், அதையும் சொல்லிட்டுப் போ."

கார் ஓட்டுவதற்கு நான் சொல்லித் தருகிறேன், ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து வருவதற்குத்தான் இந்த ஊரில் இன்னும் யாரும் பள்ளிக்கூடம் திறக்கவில்லை.